வெட்டியும் வேலையும்

கௌதள்ளி அன்பர் ஒருவர் ஒரே உறையில் நான்கு வினாக்களை அடைத்து அனுப்பியிருக்கிறார். 1956 நவம்பர் வரை கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்த கொள்ளேகாலம் பக்கத்து ஊராகையால், ராஜ்யம் மாறினாலும் தமிழில் சந்தேகப்படும் வழக்கம் அங்கே மாறவில்லை போலும்.

கே: ரோபோக்கள் நம் வேலைகளை அபகரித்துக்கொள்ளும் என்கிறார்களே, மெய்யா?

ப: செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்துக்கென்று அவருடைய தமையனார் யோசெஃப் எடுத்துக்கொடுத்த இச்சொல்லுக்கு மூலமான ‘ரொபோட்டா’, பிரபுவுக்குக் குடிகள் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய ஊழியத்தைக் குறிப்பது, சோழர் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ என்று வருவதும் அதுவே. இன்றோ வேலையற்றவனை வெட்டி என்கிறோம். பழைய வெட்டியை யந்திரம் செய்ய, புதிய வெட்டியாக நாம் திண்ணையில் அமர நேருமோ என்பதுதான் தங்கள் விசாரம். சாபெக்கின் ரோபோக்கள் கலகம் செய்து மனித குலத்தையே அழித்துவிடுகின்றன. அதனை நோக்க உத்தியோகம் போவது அற்பமே எனினும், முதல் தேதியன்று மளிகைக்கடைக்காரரிடம் இந்தச் சமாதானம் செல்லாது.

கே: வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் இப்படித்தானே பயந்தார்கள்?

ப: எந்த யந்திரம், எவ்வளவு என்று 1983இல் சங்கங்களும் நிர்வாகங்களும் பேரம் பேசி ஒப்பந்தம் எழுதும் அளவுக்குப் பயந்தார்கள். பித்தளை டோக்கனைப் பிடித்துக்கொண்டு முற்பகல் முழுவதும் பெஞ்சில் தவம் கிடந்த அடியேன் அப்போது யந்திரத்தின் பக்ஷமே என்பதை மறைப்பானேன்? 2000ஆம் ஆண்டின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய 1 லட்சம் பேர் மாலையும் தொகையுமாக விடைபெற்றனர். அந்த நாற்காலிகளை எண்ணிப் பரீக்ஷைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மாலையும் இல்லை, தொகையும் இல்லை, கொடி பிடிக்கச் சங்கமும் இல்லை.

கே: எங்கள் பக்கத்துப் பட்டுத் தொழில்?

ப: கொதிநீரில் துழாவித் துழாவித் தோல் வெளுத்து உரிந்துபோன விரல்களால் கூட்டிலிருந்து பட்டிழை இழுக்கும் பெண்ணைப் பார்த்தவர், அவ்வேலையை யந்திரம் எடுத்துக்கொள்ளலாகாதென்று வாதாடத் துணியார். நல்ல கூடொன்றில் ஏறக்குறைய 1000 மீட்டர் இழை. அது மெலிவதையும் அறுவதையும் அந்த விரல் உணர்ந்ததுபோலத் தானியங்கி யந்திரமும் இன்று உணர்கிறது. அதனை வாங்கும் மூலதனம் மட்டும் விரலுக்குரியவளிடம் இல்லை.

கே: ரோபோவுக்குத் தாங்கள் எந்த வேலையை முதலில் கொடுப்பீர்கள்?

ப: பாதாளச் சாக்கடை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடுத்த 2013ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகும் அதில் இறங்கி மாண்டவர்களைப் பத்திரிகையில் படிக்கிறோம். திருவனந்தபுரத்துப் பொறியியல் இளைஞர்கள் 2018இல் பெருச்சாளியின் பெயரையே சூட்டி, ‘பாண்டிகூட்’ என்ற யந்திரத்தை அதற்கென்றே அமைத்தார்கள். ஆனால் ஜனங்கள் பார்க்கத் திரண்டது, அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் ரோபோக்கள் தட்டேந்திப் பரிமாறத் தொடங்கிய உணவகத்தைத்தான். நானும் போனேன், சூப்பை ரோபோ கொண்டுவந்தது. மேஜை துடைக்க வந்தவர் மனிதர்.