கவரிங் குண்டு

கேள்வி: அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்களாமே! செம்பு முலாம் பூசிய குண்டு என்றால் வெடிமருந்தைத் தாராளமாகப் போடலாமா?

பதில்: கவரிங் நகையை அடகுக் கடையில் நீட்டிப் பாருங்களேன்! முலாம் குண்டுக்கும் உள்ளே ஈயம்தான். தோட்டா வாயை அழுத்தி நெரித்தாலே பூச்சு கிழிந்துவிடக்கூடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தோட்டா தயாரிப்புக் கையேட்டின் ஆரம்ப அளவில் தொடங்கி, மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றுகிறார்கள். எடைக் கணக்கு கிரெயினில், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 9 எம்.எம். தோட்டாவுக்குச் சில கிரெயின்களே போதும். ஞாபகமறதியில் இரண்டாம் முறை ஊற்றினாலும், சில வகை மருந்து வழியாமல் உள்ளே அடங்கிவிடும். வில்லங்கமே அதுதான்! வெடிமருந்தும் மருந்துதானே? டோஸ் இரட்டித்தால், துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவரைவிடப் பிடித்திருப்பவர்தான் பயப்பட வேண்டும்.