ஜெராக்ஸ் கடை மாடி மாஸ்டர்

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அதன் மாடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர் இருப்பார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். இலக்கணத்தின் மீது அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "டென்ஸ் தன்னால வரும் தம்பி, ஜோடியைப் பிடி" என்பார். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் தனியாக வெளியே கிளம்பாது, கூட வருவது யாரென்று பார் என்பதுதான் அவருடைய மொத்தப் பாடத்திட்டம்.

மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. யாராவது 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் நடுரோட்டில் நின்று திருத்துவார்; இருவரும் நனைவார்கள். அசந்து தூங்குகிறவனை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்று சொல்லச் சொல்லி, "வேகமா எப்படி சார் தூங்குறது?" என்ற கேள்வியை ஒவ்வொரு பேட்ச்சிலும் வாங்கிக்கொள்வார்.

டீக்கடையிலும் வகுப்பு நடக்கும். "ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ரெண்டு" என்று கடைக்காரர் குரல் கொடுத்ததும் இவர் குறுக்கிடுவார். "ஸ்ட்ராங் டீ சரி. லைட் டீன்னு சொல்லக்கூடாது, வீக் டீ."

"என் டீயை நானே வீக்குனு சொன்னா, கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான் சார்."

மாஸ்டர் அசரமாட்டார். ஹாலிடே என்ற மொழியியலாளர் 1966இல் இதே டீயை வைத்துத்தான் கட்டுரை எழுதினார் என்று தொடங்குவார். டீ 'ஸ்ட்ராங்' ஆகலாம், 'பவர்ஃபுல்' ஆகாது. கார் 'பவர்ஃபுல்' ஆகலாம், 'ஸ்ட்ராங்' என்றால் பொருந்தாது. அதற்கும் முன்னால், 1933இல், ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட ஜோடிகளைத் திரட்டி அறிக்கையாகவே வெளியிட்டார் என்பதற்குள் டீ ஆறிவிடும்.

மாஸ்டரின் உண்மையான எதிரி 'பண்ணு'. நமக்கு எல்லாமே பண்ணுவதுதான்: ஹோம்வொர்க் பண்ணினேன், மிஸ்டேக் பண்ணினேன், கால் பண்ணினேன், கல்யாணமும் பண்ணினேன். ஆங்கிலத்துக்குப் போனால் இந்த ஒரு 'பண்ணு' உடைந்து சிதறிவிடும். ஹோம்வொர்க்குக்கு 'டூ', மிஸ்டேக்குக்கு 'மேக்', ஃபோட்டோவுக்கு 'டேக்'. 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று ஒரு பையன் சொல்லும்போது மாஸ்டர் முகத்தைப் பார்க்கவேண்டும். பல்லில் கல் மாட்டியது போலிருக்கும். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி. இண்டர்வியூவில் நம்மைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த 'டூ'தான், டென்ஸ் இல்லை.

"ஏன் சார் ஹோம்வொர்க்குக்கு மேக் வரக்கூடாது?"

"யார் யாரைக் கட்டிக்கிட்டாங்கங்கறதுக்குக் காரணமா கேப்பாங்க? எழுதிக்கோ."

மாஸ்டர் சாப்பிடும் மெஸ்ஸில் பீகார்ப் பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். பொங்கலன்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றான். "சார், புது சட்டை கட்டியிருக்கேன்."

கூட்டமே சிரித்தது. மாஸ்டருக்குச் சோறு தொண்டையில் நின்றது. "டேய், வேட்டிதான் கட்டணும். சட்டை போடணும். பூ வைக்கணும், பொட்டு வைக்கணும், கோலம் போடணும்."

"ஏன் சார்?"

"ஏன்னா... அப்படித்தான்டா" என்றவர், பையன் முகத்தைப் பார்க்காமல் ரசம் கேட்டார்.

உங்கள் பிள்ளையைத் தயங்காமல் இவரிடம் சேர்த்துவிடலாம், ஆங்கிலம் வரும். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் 'ஐ ஹாவ் எ டவுட்' என்று எழுந்து நிற்கவேண்டாம். அது 'கொஸ்டின்' என்று நிரூபித்து முடிப்பதற்குள் அந்த மாத ஃபீஸ் தீர்ந்துவிடும்.