அடிமுடி காணா உரிய அதிகாரி அவர்களுக்கு

பெறுநர்:
உரிய அதிகாரி அவர்கள்,
அலுவலகம் எங்கிருக்கிறதோ அங்கே.

கருணைக் கடலாகிய ஐயா (அல்லது அம்மா, தங்களைக் கண்ணால் கண்டவர் எவரும் அகப்படாததால் இரண்டும் எழுத வேண்டியிருக்கிறது),

திருவண்ணாமலையிலிருந்து தெண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். சிவனின் அடியைத் தேடிப் பன்றியாய்ப் பூமியைக் குடைந்தவர் திருமால், முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்தவர் பிரம்மா. இருவருக்கும் கிட்டவில்லை. அந்தக் கதை நடந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் பெருமை சட்டென்று புரிந்துவிடுகிறது. இத்தனை காலம் இவ்வூரில் ஒருவருக்கு மட்டும்தான் அந்தச் சிறப்பு இருந்தது. இப்போது தாங்களும் சேர்ந்திருக்கிறீர்கள்.

இவ்வூர்க் கல்லூரி மாணவி ஒருவர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் சுடுகிறவர். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்; அதைச் சுடப் பழகியவர். பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டதைப் பார்த்து ஆசைப்பட்டவர். அவருடைய ரைஃபிளில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம் கசியத் தொடங்கிவிட்டது. செய்த கம்பெனி இருப்பது ஜெர்மனியின் உல்ம் நகரத்தில். துப்பாக்கி செய்யும் வால்தரும் ஆன்ஷுட்ஸும் அந்த ஊர்க்காரர்கள்தான். அதுவும் கோபுரத்துக்குப் பேர்போன ஊர். அந்தத் தேவாலயக் கோபுரத்தின் உயரம் 161.5 மீட்டர். நம் ராஜகோபுரம் 217 அடி. கோபுரத்து ஊரிலிருந்து கோபுரத்து ஊருக்கு ஒரு பெட்டி போய்வர வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

சென்ற வாரம் தந்தையும் மகளும் சிலிண்டரைக் கழற்றி, காற்றை இறக்கி, ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். வெளிநாட்டுக் கூரியர் அலுவலகம் ஒன்றில் படிவத்தை நீட்டினார்கள். ‘ரைஃபிள்’ என்ற சொல்லைப் படித்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து நின்றார். மரியாதைக்காக அல்ல. செக்யூரிட்டி வந்தார். பெட்டி வெளியே நடைபாதைக்குப் போனது, அங்கேயே திறக்கப்பட்டது. எதிர்ப்புற டீக்கடைக் கூட்டம் செல்போனில் படம் எடுத்தது. அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார வைக்கப்பட்டார். போலீஸ்காரர் வந்து, “எந்த அமைப்பும்மா?” என்று கேட்டார். அவரும் உள்ளபடி சொன்னார்: “நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் சார்.” 1951இல் தொடங்கப்பட்டு நாட்டுக்கு ஒலிம்பிக் அணிகளைத் தேர்ந்து தரும் சங்கத்தின் பெயர், சென்னை நடைபாதையில் இவ்வளவு கெடுதலாக ஒலிக்கும் என்று அதை ஆரம்பித்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில், “உரிய அதிகாரிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கள் திருநாமம் இவ்விவகாரத்தில் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டது அப்போதுதான்.

தேடல் தொடங்கியது. முதலில் பன்றி அவதாரம்: கீழே, மாவட்ட அளவில். ஆயுத உரிமங்களைப் பார்க்கும் பிரிவில் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மிகாத 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமமே வேண்டாம். வேண்டாத உரிமத்தை எப்படிக் கொடுப்பது? இல்லாத உரிமத்துக்கு எப்படிச் சான்று கொடுப்பது? நியாயமான கேள்விகள். பிறகு அன்ன அவதாரம்: மேலே, டெல்லிக்குக் கடிதங்கள். பெட்டி எல்லைப் பக்கம் திரும்பியதும் எல்லோருக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஞாபகம் வந்துவிடுகிறது. ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் கேட்கும் பிரிவு அது. உள்ளூரில் விளையாட்டுச் சாமான், துறைமுகத்தில் ஆயுதம். சுங்க வகைப்பாட்டில் அதற்கு 9304 என்று எண் கொடுத்து, காவலர்களின் லத்தியோடு ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். லத்தி தினமும் வெளியே போய்வருகிறது.

எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் தங்கள் அருள் வேண்டும். டிஹெச்எல் எக்ஸ்பிரஸின் தடைப் பட்டியலில் துப்பாக்கி, யானைத் தந்தம், மனித அஸ்தி ஆகியவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மற்ற பெரிய கூரியர்களும் தனியார் துப்பாக்கிப் பெட்டி என்றால் கைகூப்பிவிடுகின்றன. தெருவுக்குத் தெரு துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அமெரிக்காவே கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக் கூடாதென்று 1927இல் சட்டம் போட்டுவிட்ட பிறகு, நம் தபால் கவுன்ட்டரை மட்டும் குறை சொல்வானேன்?

கூரியர் வாசலிலேயே ஓர் ஏஜென்ட் நல்ல யோசனை சொன்னார். “ரைஃபிள்னு எழுதாதீங்க சார். அலுமினியம் பைப், ஸ்பேர் பார்ட்ஸ்னு போட்டுடலாம்.” முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்ன தாழம்பூவைச் சிவபூஜையிலிருந்தே தள்ளிவைத்த ஊர் இது. தந்தை மறுத்துவிட்டார். ஸ்கேனருக்கு அடியும் முடியும் நன்றாகவே தெரியும் என்பதும் ஒரு காரணம்.

எந்தக் கேள்வியும் இல்லாமல் எல்லை தாண்டி ஆயுதம் கொண்டுவந்த சேவையும் நம் நாடு கண்டதுதான். 1995 டிசம்பர் 17 இரவு, ஓர் அன்டோனவ்-26 விமானம் பல்கேரியாவில் ஏற்றிய சரக்கோடு வந்து, வாரணாசியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மேற்கு வங்கத்தின் புருலியா கிராமங்கள் மீது ஏகே ரகத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போனது. காசியில் கால்வைத்த புண்ணியமோ என்னவோ, உரிய அதிகாரியின் அனுமதி எங்கே என்று அன்றிரவு யாரும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அதே விமானம் திரும்ப வந்தபோதுதான் பம்பாயில் இறக்கிப் பிடித்தார்கள். முக்கியப் புள்ளி கிம் டேவி விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார்.

கடல் வழியைப் பற்றியும் விசாரித்தாகிவிட்டது. சோமாலியக் கடற்கொள்ளையருக்குப் பயந்த சரக்குக் கப்பல்களுக்காக, காவலர்களையும் துப்பாக்கிகளையும் ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கும் ஆயுதக் கிடங்குகள் ஒரு காலத்தில் நல்ல வியாபாரம். அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தமாக, சியரா லியோன் கொடியோடு வந்த ‘சீமேன் கார்டு ஓஹியோ’ அப்படி ஒன்று. 2013 அக்டோபரில் நம் கடலோரக் காவல்படை அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கப்பலில் 35 பேர்: பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா. துப்பாக்கிகளும் 35. எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது என்றார்கள் அவர்கள். இந்தியக் கடலில் செல்லாது என்றது நம் தரப்பு. 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை என்றது. 2017 நவம்பரில் அதே மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. நான்காண்டு கழித்துத் தெரிந்தது, அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று. அவர்களும் தங்களைத்தான் தேடியிருக்க வேண்டும்.

ஆக, கையோடு கொண்டுபோவது ஒன்றுதான் மிச்சம். அந்த வழியின் லட்சணமும் ஊரறிந்தது. 2017 மே மாதம் செக் நாட்டின் பில்சன் துப்பாக்கி சுடும் போட்டியிலிருந்து திரும்பிய இந்திய அணி வீரர்களை டெல்லி விமான நிலையத்தில் சுங்கத்துறை மணிக்கணக்காக உட்கார வைத்தது. கிரிக்கெட் அணிக்கு இப்படி நடக்குமா என்று துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா கேட்டார். 2021 பிப்ரவரியில் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர் போபால் போகக் கிளம்பியபோது, அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் 10,200 ரூபாய் கட்டச் சொல்லி மறித்தார்கள். மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகே விமானம் ஏறினார். அதே ஆண்டு டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. பழுதாகும் ஓர் ஆயுதத்தின் விலை அது.

ஐயா, ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் கடுமையாக இருக்கட்டும், புருலியாவைப் பார்த்த நாட்டில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கடத்துகிறவன் படிவம் நிரப்ப வருவதில்லை. கொண்டுவந்த பொருளின் பெயரை உள்ளபடி எழுதிய ஒரே குற்றத்துக்காகப் பத்தொன்பது வயதுப் பெண்ணை நடைபாதையில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்தது அசிங்கம். அந்த வீடியோ அவருடைய கல்லூரிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதை யார் திரும்ப வாங்குவது?

மன்னிக்க வேண்டும், தங்கள் திருச்சமூகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் ஞானத்தைக் குறை சொல்வதற்கில்லை. பழுதுபார்க்க வெளிநாடு போய்த் திரும்பும் பொருளுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பழுதுச் செலவு, காப்பீடு, போக்குவரத்துக் கட்டணம் ஆகியவற்றின் மேல் மட்டும் தீர்வை வாங்கும் அருமையான சலுகை நம் சுங்கத்தில் இருக்கிறது. திரும்பி வருவதற்கு அவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். போவதற்குத்தான் வழியைக் காணோம்.

மூத்த பயிற்சியாளர் ஒருவர் ஒரே ஒரு வழி சொல்லியிருக்கிறார். ம்யூனிக்கில் உலகக் கோப்பைப் போட்டி நடக்கும். அங்கிருந்து உல்ம் ரயிலில் கொஞ்ச தூரம்தான். அணியில் இடம் பிடித்தால் ரைஃபிளைத் தானே கொண்டுபோய்ச் சரிசெய்து வரலாம். இடம் பிடிக்கத் தேர்வுப் போட்டியில் சுட வேண்டும். சுடுவதற்கு ரைஃபிள் சரியாக இருக்க வேண்டும். இதில் மாணவி எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் தாங்கள் சொன்னால் போதும்.

பதில் எழுத வசதியாக, அஞ்சல்தலை ஒட்டி விலாசம் எழுதிய உறை இணைக்கப்பட்டுள்ளது. உறைக்குள் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் அடியையாவது காண விழையும்
திருவண்ணாமலை வாசிகள்