கட்டுத்தறியப் பாத்தியாலே?

ஏலே பேராண்டி, எம்.ஆர்.ஐ.க்குப் புது உலோக மருந்து கண்டுபிடிச்சிட்டேன், பழசைவிட மூணு மடங்கு வெளிச்சம் காட்டுதுன்னு போன்ல கூப்பாடு போட்டியே, ரொம்ப சந்தோசம். காலேஜ் லேபுல கண்ணாடிக் குழாய் கழுவியே ரிட்டயர்டு ஆனவன் நான், எனக்கு என்ன தெரியும்? சும்மா ரெண்டு சந்தேகம் கேக்கேன், கோவிச்சுக்காத.

அந்த மூணு மடங்கை எதுல அளந்த? வெறும் தண்ணியிலயா? சீக்காளி ஒடம்புல தண்ணியாலே ஓடுது? 37 டிகிரி சூட்டுல, ரத்த சீரத்துல, ஆஸ்பத்திரிக்காரன் வச்சிருக்க 1.5, 3 டெஸ்லா காந்தத்துல அளந்துட்டுப் பேசு. சின்னக் காந்தத்துல புரதத்தோட ஒட்டிக்கிட்டு மினுக்குத மருந்தெல்லாம் பெரிய காந்தத்துல மூஞ்சியத் தொங்கப் போட்டுரும்.

அடுத்தது கட்டு. பழைய மருந்துல இருக்குத கடோலினியம் முரட்டுக் காளைலே. ஜோடியில்லாத எலெக்ட்ரான் ஏழு இருக்கு, அதான் படம் பளிச்சுன்னு விழுது. அவுத்து விட்டாலோ, கால்சியம் போற பாதையில போய்ப் படுத்துக்கிடும். 1988ல வந்த மேக்னவிஸ்ட்டு அதைக் கயித்தால சுத்தின கட்டு. வளையக்கூண்டு மருந்துதான் நாலுபக்கமும் அடைச்ச பட்டி. கயிறே போதும்னு உன்ன மாதிரிப் படிச்சவங்கதான் சொன்னாங்க. 2006ல, சிறுநீரகம் கெட்டவங்களுக்குத் தோல் இறுகிப் போகுததுக்கும் இந்த மருந்துக்கும் முடிச்சு இருக்குன்னு ஆஸ்திரியாவுலருந்து ஒருத்தர் எழுதினாரு. 2014ல ஜப்பான்காரங்க, பலதடவை ஊசி போட்டவங்க மூளையில, மருந்து ஏத்தாம எடுத்த படத்துலகூட சில இடம் வெளுத்துத் தெரியுதுன்னாங்க. 2017ல ஐரோப்பா கயித்து மருந்துல பலதையும் நிறுத்தி வச்சுது. அதுக்குள்ள எத்தனை பேர் ஒடம்புல ஏறியாச்சு!

'என்னது மாங்கனீசு தாத்தா, ஒடம்புக்கு வேண்டியதுதானே'ன்னு இளிக்காத. அந்தச் சுரங்கத்துத் தூசியக் குடிச்சவங்களுக்குப் பார்க்கின்சன் மாதிரி நடை விறைச்சுப் போச்சு. ஈரலுக்குன்னு வந்த மாங்கனீசு மருந்து டெஸ்லாஸ்கேனும் கடையக் கட்டிருச்சு.

அதனால கட்டு அவுருதான்னு தெரிய, உன் மருந்தோட துத்தநாகத்தையும் பாஸ்பேட்டையும் கலந்து நாலு நாள் வச்சு, ரிலாக்சிவிட்டி, அதான் அந்த வெளிச்சம் காட்டுத தெம்பு, இறங்குதான்னு பாரு. நின்னுச்சுன்னா அப்புறம் வெளிச்சத்தைப் பத்திப் பேசலாம். அதுவும் எதுக்கு? 2022ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன கடோபிக்லெனால், வெளிச்சம் கூடுனதை வச்சு அளவைப் பாதியாக் கொறைச்சுது. நீ மூணு மடங்கு வெளிச்சத்தையும் காட்டி, பழைய அளவையே ஏத்தப் போறியா?

எலியோட எலும்பை எடுத்துப் பாத்தியாலே? எத்தனை வாரம் கழிச்சு? மறுநாளேவா! சரி விடு. கட்டுரையில மொதல் பேரு உன்னோடதா, புரொபசரோடதா? அதை மட்டும் வாரக்கணக்குல பாத்திருப்பியே.