போலாமாவுக்குப் போனவர்கள்

1791-ல் லண்டன் கனவான்கள் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைய கினி-பிசாவின் கரையோரம் போலாமா என்றொரு தீவு. விதைத்தால் பொன் விளையும், கேட்க ஆள் கிடையாது. அடிமைகள் வேண்டாம், கூலி கொடுத்தே விவசாயம் செய்து உலகத்துக்கு வழிகாட்டலாம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். தீவின் மண்ணை மிதிக்கும் முன்பே மனை விற்றதையும், லண்டனில் உட்கார்ந்தபடியே அரசியல் சாசனம் எழுதி முடித்ததையும்கூட ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடலாம்.

1792 ஏப்ரலில் பெண்டு பிள்ளைகளோடு 275 பேர் மூன்று கப்பல்களில் கிளம்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மழை பிடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

முந்திக்கொண்ட கப்பல் ‘கலிப்சோ’. அதில் வந்தவர்கள் யாரையும் கேட்காமல் இறங்கிக் கொட்டகை போட்டார்கள். ஆள் இல்லாத தீவுக்கும் சொந்தக்காரர் இருப்பார் என்பது சாசனத்தில் இல்லை போலும். பக்கத்துத் தீவு பிஜாகோ மக்கள் அங்கே பயிர் வைப்பார்கள், வேட்டையாடுவார்கள். ஜூனில் அவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சிலர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் பிடிபட்டார்கள்.

பின்னால் ‘ஹாங்கி’ கப்பலில் வந்தவர் பிலிப் பீவர், 26 வயதுக் கடற்படை லெப்டினன்ட். பிடிபட்டவர்களைப் பணயப் பொருள் கொடுத்து மீட்டார்கள். பிஜாகோ அரசர்களிடம் விலை பேசித் தீவையும் கிரயம் செய்தார்கள். மனையை விற்றுவிட்டு அப்புறம் நிலத்தை வாங்குவது ரியல் எஸ்டேட்டில் புதிதா என்ன?

ஜூலையில் தலைவர் டால்ரிம்பிள் உட்படப் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். வழிகாட்டுவதற்கு மிஞ்சியவர் பீவர்தான். மழை கொட்டியது, காய்ச்சல் வந்தது, ஆட்கள் மளமளவென்று செத்தார்கள். பழி கெட்ட காற்றின்மேல் விழுந்தது. கொசு மாட்டிக்கொள்ள இன்னும் நூறு வருஷம் இருந்தது. பீவரோ தானும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே மரக்கோட்டை எழுப்பினார், தோட்டம் போட்டார். வேலையில் பெரும்பங்கு கூலிக்கு வந்த ஆப்பிரிக்கர்களுடையது. சங்கத்தின் கொள்கை ஒன்றாவது நிறைவேறியது. அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு நன்றாகவே வேலை செய்தார்கள், சாசனம் எழுதியவர்கள்தான் ஊரில் இல்லை. 1793 நவம்பரில் பீவரும் நடையைக் கட்டினார். 1805-ல் புத்தகமாக எழுதித் தீர்த்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் கிரயப் பத்திரம் மட்டும் சாகவில்லை. அதைக் காட்டித் தீவு தனக்கே என்று பிரிட்டன் போர்த்துகலோடு மல்லுக்கட்டியது. பஞ்சாயத்துக்கு வந்தவர் அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட். 1870-ல் போர்த்துகலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். போர்த்துகீசியர்கள் போலாமாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2007-ல் திருடர்கள் அதைப் பழைய உலோகத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.