தோத்தவனுக்கு மொதப் பந்தி

ஏங்கண்ணு, கோழி கூவறதுக்கு முந்தியே போனைத் தூக்கிட்டுக் கட்டுத்தறிக்கு வந்துட்டயா? வா, வா. அந்தப் பக்கமா உக்காரு, வெளிச்சம் அடிச்சா எருமை மெரளும். அமெரிக்காவுல ராத்திரி எட்டு மணின்னா நமக்கு விடியால அஞ்சரை. எனக்குப் பால் பீச்சற நேரம். நீ பாரு, நான் காதுல கேட்டுக்கறேன்.

டிராஃப்டுங்கறயே, எனக்குத் தெரிஞ்ச டிராஃப்ட் பேங்குல எடுக்கறதுதான். உங்கக்கா காலேசுல சேர்றப்ப அதுக்குன்னு அரைநாள் வரிசையில நின்னேன். பணம் நம்முது, மேல எழுதியிருக்கற பேரு மட்டும் அடுத்தவனுது. இந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீகு டிராஃப்டும் அதே சாடைதான்னு இப்பத்தான் தெரியுது. பெத்து வளத்தது ஒருத்தி, பேரு எழுதிக்கறது வேற ஒருத்தன்.

முப்பது டீமு. வருசம் பூரா தோத்து மண்ணைக் கவ்வுனவனைக் கூப்புட்டு, "இந்தா சாமி, புதுசா வந்த பசங்கள்ல நல்லவனா நீ மொதல்ல எடுத்துக்க"ங்கறாங்க. தோத்தவனுக்கு மொதப் பந்தி, செயிச்சவனுக்குக் கடைசிப் பந்தியில ரசஞ்சோறு. நியாயந்தான். காசுள்ள பண்ணாடியே நல்ல காளையெல்லாம் ஓட்டிட்டுப் போயிட்டா மத்தவன் எதை வெச்சு உழுவான்? ஆனா கூரை ஒழுகறவனுக்கெல்லாம் ஓடு தர்றோம்னு ஒருத்தன் சொல்லட்டும், நம்மூர்ல நல்லா இருக்கற கூரையெல்லாம் ராவோட ராவா ஒழுகுமா ஒழுகாதா? பிலடெல்பியாவுல அதேதான் நடந்துச்சு. 2015-16ல 82 ஆட்டத்துல 72 தோத்தானுக. அதுக்கு "ப்ராசஸ்"னு ஒரு பேரு வேற. சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு இப்பிடியொரு பேரு வெக்கலாம்னு எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா, உங்கப்பத்தாகிட்ட எத்தனை பேச்சு மிச்சமாயிருக்கும்!

இப்பிடி வேணும்னே தோப்பாங்கன்னு அஞ்சித்தான் 1985லயே மொத எடம் யாருக்குன்னு குலுக்கல் கொண்டாந்தாங்க. மொத வருசம் ஏழு கவரை உருளையில போட்டு உருட்டுனாங்க. நியூயார்க்குக்கு விழுந்துச்சு, பேட்ரிக் யூயிங் அங்க போனாரு. அந்த ஒரு கவரை மட்டும் ஐஸுல வெச்சிருந்தாங்க, தொட்டா சில்லுனு தெரியறதுக்குன்னு நாப்பது வருசமா ஒரு புரளி. ஒருத்தனும் நிரூபிச்ச பாடில்லை, விட்ட பாடும் இல்லை. இந்த 2025ல பதினாலு பந்துல நாலை எடுத்தாங்க. கடைசி மூணு டீமுக்கும் ஆயிரத்துல 140 வாய்ப்பு, ஆளுக்கு ஒரே அளவு.

இந்த வருசம் யூட்டாவைப் பாரு. 65 ஆட்டம் தோத்து லீகுக்கே கடைசி. நல்லா இருக்கற ஆட்டக்காரனை உக்கார வெச்சதுக்கு மார்ச்சுல ஒரு லட்சம் டாலர் தண்டமும் கட்டுனாங்க. குலுக்குனா அஞ்சாவது எடம்! ஆயிரத்துல 18 வாய்ப்பு வெச்சிருந்த டாலஸுக்கு மொத எடம். அந்த டாலஸ்தான் பிப்ரவரியில தன்னோட பெரிய ஆட்டக்காரன் லூகா டான்சிச்சைத் தூக்கி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடுத்துப்போட்டு, மேனேசரைத் தொரத்துங்கன்னு சொந்த சனங்ககிட்டயே வாங்கிக் கட்டிக்கிச்சு. கறவை மாட்டை வித்தவன் வாசல்ல மூணாம் மாசம் கன்னோட பசு வந்து நின்ன மாதிரி, இதா, மொத ஆளா எடுத்த கூப்பர் ஃபிளாக் பதினெட்டு வயசுல டாலஸ் தொப்பியைப் போட்டுச் சிரிக்கறான். யூட்டா பண்ணாடி என்கிட்ட ரோசனை கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். பாடுபட்டுத் தோக்காதீங்க சாமி, கிறுக்குத்தனம் பண்ணித் தோத்துப் பாருங்க, அதுக்குத்தான் வெலை எச்சு.

ஆளை அளக்கறது இன்னொரு கூத்து. மே மாசம் சிகாகோவுல கூட்டி நிறுத்தி, சூவைக் கழட்டச் சொல்லி ஒசரம் பாக்கறாங்க, கையை விரிக்கச் சொல்லி நீளம் பாக்கறாங்க, எம்ப வெச்சு அதையும் அளக்கறாங்க. நாங்க சந்தையில பல்லைப் புடிச்சுப் பாப்போம், சுழி பாப்போம், நடக்க விட்டுப் பாப்போம். அப்பிடிப் பாத்துமே நான் ஒருக்கா நொண்டிக் காளையை ஓட்டியாந்திருக்கேன், அதை இங்க பேச வேண்டாம்.

போர்ட்லண்டுக்காரன் ரெண்டு ஓட்டியாந்தான். 1984ல அவனுக்கு ரெண்டாவது எடம். சாம் போவின்னு ஏழடி தாண்டுன பையன், காலேசுலயே எடது கால் எலும்பு விட்டு ரெண்டு வருசம் ஆடாதவன். டாக்டர் சின்னச் சுத்தியலால அந்த எலும்பைத் தட்டி வலிக்குதான்னு கேட்டிருக்காரு. இல்லைன்னுட்டான். வலிச்சுதுன்னு பல வருசங் கழிச்சு அவனே வாயைத் தொறந்து சொன்னான். மாடா இருந்தா தட்டுன கையை ஒதைச்சிருக்கும், சோலி முடிஞ்சிருக்கும். பையனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், பொழப்பு அப்பிடி. தட்டுனவரு காலைப் பாத்தாரே ஒழிய மூஞ்சியைப் பாக்கலை.

அவனுக்கு அடுத்து மூணாவதா சிகாகோ எடுத்தது யாரைன்னு உனக்கே தெரியும். உன் பனியன்ல இருக்கற 23, மைக்கேல் ஜோர்டான். ஆறு கோப்பை. போர்ட்லண்டு ஏன் விட்டுச்சு? அந்த எடத்துக்கு க்ளைட் ட்ரெக்ஸ்லர் ஏற்கெனவே இருக்காராம். ஏர்ல வலத்தை காளை இருக்குது, எடத்தைதான் வேணும்னு சந்தையிலயே நல்ல காளையை விட்டுப்போட்டு வந்த மாதிரி.

ஒருக்கா சூடு பட்டா போதாதா? 2007ல மொத எடமே கெடைச்சுது. மறுக்கா ஏழடி, கிரெக் ஓடன். மொத வருசமே முட்டியில ஆபரேசன், மொத்தத்துல 105 ஆட்டந்தான் ஆடுனான். ரெண்டாவதாப் போனவன் கெவின் டுரான்ட். அந்த வருசம் 84 கிலோ கம்பியை ஒருக்காக் கூடத் தூக்க முடியலைன்னு சிரிச்சாங்களே, அவனேதான்.

தொப்பி போடறாங்க பாரு, அதையும் நம்பாதே. 1996ல கோபி பிரையன்ட் சார்லட் தொப்பியைப் போட்டுட்டு நின்னான், ஆளு போய்ச் சேந்தது லாஸ் ஏஞ்சலஸுக்கு. நம்ம தரகனுக துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசற மாதிரி, இவனுக போன்ல பேசிக்கறானுக. பையனுக்குத் தெரியறது கடைசியில.

அதா, அந்த மேசையில கோட்டைப் போட்டுட்டு ஆத்தாகூட உக்காந்திருக்கானே, அவனைக் காட்டு. இன்னும் கூப்புடலையா? 1998ல ரஷார்ட் லூயிஸ் அப்பிடித்தான் உக்காந்திருந்தான். ஹூஸ்டன் பையன். சொந்த ஊர் டீமுக்கு மொதச் சுத்துலயே மூணு வாய்ப்பு, மூணுலயும் வேற ஆளு. கேமரா முன்னாலயே அழுதுட்டான். 32ஆவதா சியாட்டல் எடுத்துச்சு. அழுத கண்ணைத் தொடச்சுட்டுப் போய் ரெண்டு தடவை ஆல்ஸ்டார் ஆட்டமே ஆடுனான்.

அழாம இருந்தவன் கதை இன்னொண்ணு. 2014ல 41ஆவது பேரை டென்வர் சொல்றப்ப டிவியில டாக்கோ பெல் வெளம்பரம் ஓடிட்டு இருந்துச்சு. பேருக்குச் சொந்தக்காரன் செர்பியாவுல தூங்கிட்டு இருந்தான். நிகோலா யோகிச். மூணு தடவை லீகுலயே பெரிய ஆட்டக்காரன், 2023ல கோப்பை. கோப்பையைக் கையில குடுத்தா, ஊட்டுக்குப் போகோணும், குதிரைப் பந்தயம் இருக்குதுங்கறான்! அந்தியூர் ஆடிச் சந்தைக்கு அவன் வந்தான்னா குதிரையைப் பத்தி நானும் அவனும் நாள் பூரா பேசலாம், பாசை தெரியாட்டிப் போவுது.

நீ வேற சாயங்காலமானா கட்டுத்தறி உத்தரத்துல தொங்கற. ஒசரம் வேணுமாக்கும்? பஞ்சாப்புல சத்னம் சிங்னு ஏழடி ரெண்டங்குலம், இந்தியாவுல பொறந்து டிராஃப்டுல வந்த மொத ஆளு. 2015ல இதே டாலஸ்தான் 52ஆவதா எடுத்துச்சு. லீகுல ஒரு ஆட்டம் ஆட விடலை, பொறவு அமெரிக்காவுல மல்யுத்தம் காட்டப் போயிட்டான். தொங்கறதுன்னா தொங்கு, உத்தரம் பழசு, அதை மட்டும் பாத்துக்க.

பால் ஆச்சு. மொதச் சுத்து முடியறவரைக்கும் நீயே பாரு, எனக்குத் தண்ணி கட்டப் போகோணும். ரெண்டாஞ்சுத்து நாளைக்குத்தானே, இதே அஞ்சரைக்கு? அதுக்கு என்னை எழுப்பு. நடுவுல வெளம்பரம் வந்தா அணைச்சுப்போடாதே.