மாதிரி வாக்கிய அண்ணாச்சி

கோவில்பட்டியில் சீன எழுத்து பழகுகிற அண்ணாச்சியை அடையாளம் காண்பது சுலபம். டீக்கடை பெஞ்சில் கிளாஸ் வைத்த ஈரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று இருக்கும், அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். அது இல்லாவிட்டால் கடலைமிட்டாய்ப் பட்டறை. சீனத்துப் பூங்காக்களில் பெரியவர்கள் நீளமான தூரிகையைத் தண்ணீரில் முக்கித் தரைக்கல்லில் எழுதிப் பழகுவார்களாம். அங்கே எழுதியது கொஞ்ச நேரமாவது நிற்கும். கரிசல் வெயிலில் அண்ணாச்சி நாலாவது கோட்டுக்கு வருவதற்குள் முதல் கோடு காய்ந்துவிடுகிறது.

பகையில் ஆரம்பித்த படிப்பு இது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022இல் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய வர்த்தக அமைச்சருக்கே கடிதம் எழுதினார். அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில்தான், 14 வருஷம் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆகியிருந்தது. 'லைட்டர் சீனாக்காரன் சரக்கு. எதிராளி பாஷை தெரியாம எப்படிவே சண்டை போட?' என்று அண்ணாச்சி செல்போனில் சீனம் சொல்லித்தரும் செயலியை இறக்கினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டது. சண்டை முடிந்தாலும் படிப்பை விட மனசு வரவில்லை. இப்போது கேட்டால், குவாங்சோவில் வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற வர்த்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பொட்டலம் கட்டும் மெஷின் விலை பேசப் போவதாகச் சொல்வார். பாஸ்போர்ட் எடுத்துவிட்டாரா என்று கேட்கக்கூடாது.

செயலி கறாரான வாத்தியார். விரலால் திரையில் எழுத வேண்டும். கோடுகளின் வரிசை மாறினால் ஏற்காது. தீ என்பதற்கு நாலே கோடு. முதலில் இடப்பக்கச் சின்னக்கோடு, பிறகு வலப்பக்கத்தது, அப்புறம்தான் நடுவில் நெடுங்கோடுகள் இரண்டு. மூன்று தலைமுறையாகத் தீயை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தின் வாரிசு நடுக்கோட்டிலிருந்தே ஆரம்பிப்பார். செயலி துடைத்துத் தள்ளும். 'தீப்பெட்டிக்காரருக்கே தீயை எப்படிப் போடணும்னு போன் சொல்லித்தருது' என்பாள் மதினி. மறந்த எழுத்துகளை மறுபடி எழுதச் சொல்லித் தினமும் ஒரு பாக்கிக் கணக்கையும் அது காட்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் பாக்கி கந்துவட்டியாட்டம் ஏறிக்கிடக்கும். அதற்குப் பயந்தே அவர் வெளியூர் விசேஷங்களைக் குறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் உடம்புக்கு ஆகாத பழக்கமில்லை. வினை வந்தது மாதிரி வாக்கியங்களால். ஒவ்வொரு எழுத்துக்கும் பயன்பாட்டைக் காட்ட ஒரு வாக்கியம் வரும். என் அப்பா மருத்துவர். மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. அம்மா ஆப்பிள் வாங்கக் கடைக்குப் போனார். வெளியே வெண்பனி கொட்டுகிறது, மேலங்கி அணிந்துகொள். அந்த உலகத்தில் எல்லோருடைய அப்பாவும் மருத்துவர், இல்லாவிட்டால் ஆசிரியர். ஒருத்தரும் சீட்டு எடுக்கவில்லை. ஒருத்தருக்கும் பங்காளித் தகராறு கிடையாது. பொழுதுக்கும் எல்லோரும் நூலகத்துக்கும் விமான நிலையத்துக்கும் போய் வருகிறார்கள்.

இப்படியே படித்துப் படித்து அண்ணாச்சியின் தமிழும் அந்த மாதிரியாகிவிட்டது. டீயைக் கையில் வாங்கியதும், 'இது என்னுடைய தேநீர். தேநீர் சூடாக இருக்கிறது. எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்பார். 'குடிங்க அண்ணாச்சி, ஆறிரப் போவுது' என்பார் மாஸ்டர். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், பெட்டி அடைக்கிற பெண்களிடம் போய் வெளியே வெண்பனி கொட்டுவதாகச் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

இந்த வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் அண்ணாச்சிமேல் கோபம் குறைந்துவிடும். ஜப்பானில் தனகா என்று ஒரு பேராசிரியர், தன் மாணவர்களை ஆளுக்கு 300 ஜப்பானிய வாக்கியங்களை ஆங்கிலத்தோடு சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்கிற லட்சணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பாடப்புத்தகத்தில் பார்த்தது, பாட்டில் கேட்டது, பிழையும் தானுமாக எழுதியது என்று இரண்டு லட்சத்துக்கு மேல் குவிந்தது. 2006இல் தொடங்கிய 'ததோய்பா' என்ற பொதுச் சேகரிப்பு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கே யாரும் எந்த மொழியிலும் வாக்கியம் போடலாம், யாரும் மொழிபெயர்க்கலாம், யாரும் எடுத்தாளலாம். மொழிச் செயலிகள் பல அந்தக் குவியலிலிருந்து அள்ளிக்கொள்கின்றன. என்றைக்கோ ஒரு மாணவன் வாத்தியாருக்குப் பயந்து எழுதியது மொழி மொழியாகத் தாவி வந்து பசுவந்தனை ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அண்ணாச்சியின் சீனத்துக்கு ஒரு நாள் சோதனை வந்தது. பக்கத்துப் பட்டறையில் மெஷின் பொருத்த நிஜமாகவே ஒரு சீன மெக்கானிக் வந்திறங்கினார். ஊரே அண்ணாச்சியைக் கூப்பிட்டது. சலவை வேட்டியில் போனார். 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?' என்று கேட்டார். மெக்கானிக் மகிழ்ந்துபோய் நீளமாகப் பதில் சொன்னார். அண்ணாச்சிக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. காகிதம் வாங்கி, வரிசை பிசகாமல், அச்சடித்த மாதிரி ஒரு வாக்கியம் எழுதி நீட்டினார். மெக்கானிக் அதைப் படித்தார். குனிந்து மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கூட நின்றவர்களும் குனிந்தார்கள்.

'என்ன அண்ணாச்சி எழுதுனீங்க?'

'பூனை நாற்காலிக்குக் கீழ இருக்குன்னு. நமக்கு நல்லா வர்றது அதுதான்.'

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மெக்கானிக் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். சீனர்களே இப்போது ஒலியைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டார்கள். பேனாவை எடுத்தால் பாதி எழுத்தில் கை நின்றுபோகிறது என்று அங்கேயும் புலம்பல் இருக்கிறது. அண்ணாச்சிக்குக் கை நிற்காது. சொல்வதற்குத்தான் விஷயம் இல்லை. அதற்கு அவர் பொறுப்பில்லை. செயலி கொடுத்தால்தானே!

திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற இடைசெவல்காரர், எழுத்தாளர் கி. ராஜநாராயணன், பல்கலைக்கழகத்து உதவி எதுவும் இல்லாமல், சம்சாரிகள் வாயிலிருந்து சொல் பொறுக்கிக் கரிசலுக்கென்று ஒரு சொல்லகராதி போட்டார். அந்த மண்ணில் குடியிருந்துகொண்டு, யாரோ வாங்கிய ஆப்பிளைப் பற்றி எழுதிக் கை வலிப்பது என்ன நியாயம்? நானறிந்தவரை அண்ணாச்சிக்குப் பயன்பட்ட செயலி வாக்கியம் ஒன்றே ஒன்று: நாளைக்கு மழை வருமா? மானாவாரிக்காரன் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கேட்கிற அதே கேள்வி. அதை எழுதும்போது மட்டும் அவர் வாய் முணுமுணுக்காது.

எனவே சீனமும் தமிழும் தெரிந்தவர்களுக்கு, சிங்கப்பூரிலோ பினாங்கிலோ நீங்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், ஒரு விண்ணப்பம். அந்தப் பொதுச் சேகரிப்பில் தமிழுக்கும் இடம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது, ராத்திரி காட்டுப்பன்றி மேய்ந்துவிட்டது, வெல்லம் விலை ஏறிப்போச்சு, இந்த மெஷின் கடைசி விலை என்ன என்று நாலு வாக்கியம் இரண்டு மொழியிலும் போட்டுவையுங்கள். கடைசி வாக்கியத்தை முதலில் போடுங்கள். அண்ணாச்சி பாஸ்போர்ட்டுக்கு மனுக்கொடுத்திருக்கிறார்.